மெந்தால் அட்டை

சிகரெட் பெட்டிக்குள் செருகும் மெந்தால் (புதினாவில் உள்ள குளிர்ச்சி தரும் பொருள்) அட்டை ஒன்றை இன்று பார்த்தேன். செருகி மூடி ஒரு மணி நேரம் போல வைத்தால் போதும், சாதாரண சிகரெட்டிலும் மெந்தால் ஏறிவிடும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2020 மே 20 முதல் மெந்தால் சிகரெட்டைத் தடை செய்தது. சட்டம் சிகரெட், ஃபில்டர், காகிதம், கேப்சூல் வரை தொட்டது. தனியாக விற்கும் அட்டை தப்பித்தது.

மெந்தால் வெறும் வாசனை இல்லை. குளிரை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டி, புகையின் எரிச்சலை மறைக்கிறது. புதிதாகப் பிடிப்பவருக்கு இருமல் குறைகிறது. அங்கேதான் பிடி விழுகிறது.

அமெரிக்கா 2009இல் பழம், கிராம்புச் சுவைகளைத் தடுத்தும் மெந்தாலை விட்டுவைத்தது. எனக்கு இன்றும் ஆறாத கோபம் அது.

கலிஃபோர்னியா 2022 டிசம்பரில் மெந்தாலையும் நிறுத்தியதும், மணமே இல்லாத குளிரூட்டும் ரசாயனத்தோடு புதுப் பெட்டிகள் வந்தன. 'குளிர்ச்சி உணர்வு' என்பதையும் சட்டத்தில் சேர்க்க வேண்டியதாயிற்று.

"பெரியவர்கள் விருப்பம், போலீஸ் தொல்லை வரும்" என்கிறார்கள் தடையை எதிர்ப்பவர்கள். இரண்டாவது பயம் நியாயமானது. அதனால்தான் கலிஃபோர்னியாவில் தடை விற்பவருக்கு மட்டும். கையில் வைத்திருப்பவருக்கு இல்லை. எங்கே தடை வந்தாலும் இந்த விதி கட்டாயம் இருக்க வேண்டும். கூடவே, விட நினைப்பவருக்குத் தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டையும் ஆலோசனையும் அதே நாளில் கிடைக்க வேண்டும்.