பல்வலிக்காரன்

நைரோபி அருங்காட்சியகம். யூனிஃபார்ம் போட்ட ஒரு பொடியன் எலும்புக்கூட்டின் பக்கத்தில் விறைப்பாக நின்று உயரம் பார்க்கிறான். தோற்றுவிட்டான்!

எலும்புக்கூட்டின் பெயர் துர்க்கானா பையன். ஹோமோ எரெக்டஸ் என்ற ஆதி மனித இனம். ஏறக்குறைய 15 லட்சம் வருஷம் பழசு. பல்லை வைத்துச் சொல்வதானால் வயசு எட்டு, ஒன்பதுதான். உயரமோ ஐந்தடிக்கு மேல்.

என்னை நிறுத்திவைத்தது தாடை. பால் பல் விழுந்த இடத்தில் சீழ் பிடித்த தடம்.

பரிணாமம் என்றாலே குரங்கு படிப்படியாக நிமிர்கிற அந்தப் படம்தான் ஞாபகம் வரும். அதில் யாருக்கும் பல் வலிக்காது. இவனுக்கு வலித்திருக்கிறது. ராத்திரியெல்லாம் அழுதிருப்பான்.

1984-ல் இவனை முதலில் கண்டது புதைபடிவம் தேடுகிற கென்யாக்காரர் கமோயா கிமேயு. கூழாங்கற்களுக்கு நடுவே தீப்பெட்டி அளவு மண்டையோட்டுச் சில்லு! எனக்கு மேஜைமேல் இருக்கிற மூக்குக்கண்ணாடியே கண்ணில் படாது.

ஆதி மனித எலும்புகளைத் தேடிப் பேர் வாங்கிய லீக்கி குடும்பத்தைத் தெரிந்த அளவுக்கு இந்த மனுஷனை நமக்குத் தெரியாததுதான் எரிச்சல்.