ஹால்ட் வண்டியும் பத்து நிமிடமும்

கண்டக்டராக இருந்தவரை எனக்கு பஸ் ஸ்டாண்ட் என்றால் ஒரு டீ, ஒரு மூத்திரம், டிரிப் ஷீட்டில் ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். இருபது நிமிடத்துக்கு மேல் அங்கே நின்ற ஞாபகமே இல்லை. பத்தொன்பது வருடம் ஓடிய பிறகு முதுகு மக்கர் செய்து, மெடிக்கல் போர்டெல்லாம் பார்த்து, லைட் டூட்டி என்று டைம் கீப்பர் அறையில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். எந்தப் போக்குவரத்துக் கழகம், எந்தக் கிளை, எந்த ஊர் என்பதெல்லாம் வேண்டாம். தெற்கே, மலையடிவாரத்துக் கிராமங்களுக்குப் போகிறவர்கள் வண்டி மாறுகிற ஒரு நடுத்தர ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் டைம் கீப்பர் என்பவன் கடிகாரத்தைப் பார்த்து விசில் ஊதுகிறவன். உள்ளே உட்கார்ந்தால் பாதி வேலை பஞ்சாயத்து. எங்கள் வண்டிக்கு நாலு நிமிடம் முன்னால் ஒரு தனியார் வண்டிக்கு டைம் இருக்கும், அவன் தன் டைம் முடிந்தும் முன்சக்கரத்தை அரை அடி நகர்த்தி, பிரேக் போட்டு, மறுபடி அரை அடி நகர்த்தி ஆளேற்றிக்கொண்டே இருப்பான், அவன் கூடுதலாக நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் எங்கள் ஆளின் கலெக்ஷன். இரண்டு பக்கமும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்துவிடுவார்கள். மீதிப் பாதி, கேள்விக்குப் பதில் சொல்வது. போர்டுக்கு நேர் கீழே நின்றுகொண்டு "இது எங்க போகுது?" என்பார்கள். முதல் மாதம் எரிந்து விழுந்தேன். அப்புறம்தான் உறைத்தது, போர்டில் போய்ச்சேரும் ஊர்தான் எழுதியிருக்கிறது. அவர்கள் ஊரில் நிற்குமா, பைபாஸில் போய்விடுமா, விலக்கில் இறக்கிவிட்டால் உள்ளே போக ஆட்டோ கிடைக்குமா என்பதெல்லாம் எந்தப் போர்டில் இருக்கிறது?

ஹால்ட் வண்டி பற்றிச் சொல்ல வேண்டும். இரவு 10.20க்கு எங்கள் ஸ்டாண்டிலிருந்து கடைசியாகக் கிளம்பும். ஒன்றேகால் மணி நேரம் ஓடி மலையடிவாரத்தில் ஒரு கிராமத்தில் போய் நிற்கும். டிரைவரும் கண்டக்டரும் வண்டியிலேயே சீட்டை ஒட்டிப் படுத்துவிட்டு, காலை 4.50க்கு அதே வண்டியை முதல் நடையாக எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். கொசு, நாய், மழைக்காலத்தில் ஒழுகும் கூரை, எல்லாம் சேர்ந்து நாலு மணி நேரத் தூக்கம். போகும்போது பதினைந்து பேர் இருந்தால் பெரிது. கலெக்ஷனை வைத்துப் பார்த்தால் இந்த நடையை என்றைக்கோ நிறுத்தியிருக்க வேண்டும். தனியார் யாரும் அந்த நேரத்துக்கு பெர்மிட் கேட்டு வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அரசாங்கம் 1972ல் பல்லவன், சேரன், பாண்டியன் என்று கழகங்களை ஆரம்பித்ததால் என்ன கிடைத்தது என்று யாராவது என்னிடம் கேட்டால் இந்த வண்டியைத்தான் காட்டுவேன். (அந்தப் பெயர்களையெல்லாம் 1997ல் எடுத்துவிட்டார்கள். ஆனாலும் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் எங்கள் கழகத்தின் பழைய பெயரை விடாமல், ஜன்னலில் எட்டிப் பார்த்து "கட்டபொம்மன் போயிட்டா?" என்றுதான் கேட்பார்கள். நானும் "இன்னும் போகல பெரியவரே" என்பேன்.)

இந்த வண்டியைப் பிடிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் தூரத்திலிருந்து வருகிறவர்கள். திருப்பூரில் வேலை பார்க்கிற ஒருவர் ஊருக்கு வருகிறார் என்றால், திருப்பூர் வண்டி அவரை மதுரை ஆரப்பாளையத்தில் இறக்கும். தெற்கே போகிற வண்டி மாட்டுத்தாவணியில் நிற்கிறது. பையைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஊரைக் குறுக்கே கடந்து, அங்கே வண்டி பிடித்து, எங்கள் ஸ்டாண்டுக்கு வந்து, கடைசியாக ஹால்ட் வண்டி. நான்கு வண்டிகள். ஒவ்வொன்றுக்கும் நேரம் இருக்கிறது, ஷெட்யூல் இருக்கிறது. ஒன்றிலிருந்து இறங்குகிறவன் அடுத்ததைப் பிடிப்பானா என்று பார்க்க மட்டும் எந்த ஷெட்யூலிலும் ஒரு கட்டம் கிடையாது. அந்தக் கட்டத்தை நிரப்பியது கண்டக்டர்களின் போன்தான். "அண்ணாச்சி, நம்ம வண்டியில மூணு டிக்கெட் ஹால்ட் வண்டிக்கு இருக்கு. பத்து நிமிஷம் பிடிச்சு வைங்க."

பிடித்து வைப்பது சும்மா இல்லை. பத்து நிமிடம் என்பது அந்த டிரைவரின் நாலு மணி நேரத் தூக்கத்திலிருந்து போகிறது. அவர் முறைப்பதில் நியாயம் இருக்கிறது. தவிர, செக்கிங்கில் மாட்டினால் லேட்டுக்கு மெமோ எனக்குத்தான் வரும். ஒருமுறை வந்தது. பன்னிரண்டு நிமிடத் தாமதத்துக்கு விளக்கம் கேட்டு ஒரு பக்கம் டைப் அடித்திருந்தார்கள். பயணிகள் இணைப்புக்காக என்று எழுதிக் கொடுத்தேன். அப்படி ஒரு காரணம் விதியில் இல்லை என்று பதில் வந்தது.

அதற்கு அடுத்த வாரம், ஆடி மாதம், ஊர் ஊராகக் கோயில் கொடை நடக்கிற சமயம். மதுரை வண்டி கண்டக்டர் கூப்பிட்டார். ஐந்து பேர், பதினைந்து நிமிடம். மெமோ மேஜை டிராயரில்தான் இருந்தது. டிரைவர் ஜன்னலில் வந்து நின்று ஒன்றும் பேசாமல் கடிகாரத்தைப் பார்த்தார். நான் "எடுங்க" என்று சொல்லி 10.20 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த மாதத்தில் நிமிடம் பிசகாமல் நான் அனுப்பிய வண்டி அது ஒன்றாகத்தான் இருக்கும்.

மதுரை வண்டி 10.34க்கு உள்ளே வந்தது. ஐந்து பேர் இறங்கினார்கள். எல்லாம் இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன்கள், பனியன் கம்பெனி. ஒருவன் தோளில் சீலிங் ஃபேன் பெட்டி, இன்னொருவன் கையில் மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி, அதற்குள் துணிமணி. காலியாகக் கிடந்த பிளாட்பாரத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்கள். திட்டுவார்கள் என்று நினைத்தேன். ஃபேன் வைத்திருந்தவன், "காலைல முத வண்டி எத்தனை மணிக்குண்ணே?" என்றான்.

ஆறரை என்றேன். ஏன் அவ்வளவு லேட் என்றான். அதைச் சொல்லும்போதுதான் எனக்கே கூசியது. இப்போது போனதே, அந்த வண்டிதான் அங்கே போய்த் தூங்கி, 4.50க்குக் கிளம்பி, 6.05க்கு இங்கே வந்து, திரும்ப ஆறரைக்கு உங்களை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வாளிக்காரன் சிரித்துவிட்டான். "அப்ப நம்மளக் கூட்டிட்டுப் போகத்தான் அது போயிருக்கு" என்றான்.

எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். காசு கொடுக்க வந்தார்கள், வாங்கவில்லை. ராத்திரி முழுக்க ஃபேன் பெட்டியைத் தலைக்கு வைத்து மாற்றி மாற்றித் தூங்கினார்கள். நான் டூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை. போயிருக்கலாம். ஆனால் போகவில்லை.

அதன் பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, எங்கள் ஊர் வழியாக வரும் இரவு வண்டிகளின் கண்டக்டர் நம்பர்களை எழுதிவைத்தேன். 9.45க்கு நானே போன் போட்டுக் கேட்க ஆரம்பித்தேன். ஆள் உண்டு என்றால் டிரைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது. வந்த பிறகு நில்லு என்றால்தான் கோபம், சாப்பிடும்போதே சொன்னால் ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டு வருவார். ஷீட்டில் என்ன எழுதினேன் என்று கேட்காதீர்கள்.

ஓய்வு பெற்ற பிறகு மகள் வீட்டுக்குச் சென்னை போனபோது கிளாம்பாக்கத்தில் இறங்கினேன். 2023 டிசம்பர் கடைசியில் திறந்தது, 88 ஏக்கர் என்கிறார்கள். உயரமான கூரை, வழவழவென்று தரை. நான் கண்டக்டராக இருந்தபோது சென்னையில் வெளியூர் வண்டியெல்லாம் பாரிமுனையில் ஐகோர்ட் பக்கம் முட்டி மோதிக்கொண்டு நிற்கும். 2002ல் கோயம்பேடு வந்தபோது அதுவே அரண்மனை மாதிரி இருந்தது. இப்போது கோயம்பேட்டிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி இன்னொரு அரண்மனை. நெரிசலுக்கு வேறு வழியில்லை, சரி. ஆனால் விடியற்காலை நாலு மணிக்குப் பெட்டியோடு மாநகரப் பேருந்து நிற்கிற பக்கம் நடந்தபோது, என் கண் கூரையைப் பார்க்கவில்லை. எங்கள் வண்டியிலிருந்து இறங்கிய கூட்டம் வந்துசேருமுன் ஒரு மாநகர வண்டி கிளம்பிப் போயிற்று. சரியான நேரத்துக்குத்தான் எடுத்திருப்பார். பின்னால் நடந்து வந்தவர்கள் அதன் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

என் இடத்துக்கு வந்த பையனிடம் அந்த நோட்டைக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எதுக்கு அண்ணாச்சி" என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் போட்டுவிட்டான். ரூட்டில் ஓடுகிற அத்தனை கண்டக்டர்களும் அதில். என்னையும் சேர்த்தான், இன்னும் நீக்கவில்லை. ராத்திரி பத்து மணியானால் போன் அடிக்கும். "4 டிக்கெட், ஹால்ட், 10 நிமிஷம்." கீழே ஒரு கட்டைவிரல் விழுந்தால் நான் திரும்பிப் படுத்துவிடுவேன். சில நாள் விழாது. 10.15 ஆகியும் விழாவிட்டால் ஸ்டாண்ட் டீக்கடைக்காரருக்குப் போன் போடுவேன். அவருக்கும் பழகிவிட்டது, நான் ஹலோ சொல்வதற்கு முன்பே "நிக்குது, நிக்குது" என்பார்.