கிட்டீயை ஷெல் ஸ்கிரிப்ட்டால் அப்டேட் செய்த அனுபவம்

எங்கள் சிறு குழுவின் கோடு எல்லாம் என் வீட்டு டெபியன் சர்வரில், கிட்டீயில் இருக்கிறது. கிட் ரெப்போக்களை (கோடு களஞ்சியங்களை) சொந்த சர்வரிலேயே வைத்துக்கொள்ள உதவும் மென்பொருள் இது; கோக்ஸ் என்ற அதே வகை மென்பொருளிலிருந்து 2016-ல் பிரிந்து வந்தது. ஒரே ஒரு பைனரி கோப்பை (நேரடியாக ஓடும் நிரலை) இறக்கி, பின்னணியில் ஓடும் சிஸ்டம்டி சர்வீஸாக ஓட்டுவதால், சர்வரில் மற்றதெல்லாம் டெபியனின் பேக்கேஜ் கருவியான ஏப்டியில் புதுசாகும்போதும் இது பழைய பதிப்பிலேயே நிற்கும். 1.21-லிருந்து 1.22-க்குப் போக, கிட்டீயின் சோர்ஸ் கோடோடு வரும் அப்கிரேட் ஸ்கிரிப்ட்டைப் பயன்படுத்தினேன்.

ரூட் உரிமையோடு ஓடப்போகும் ஸ்கிரிப்ட் என்பதால் முதலில் வரி வரியாகப் படித்தேன். அது வேலைகளை அடுக்கியிருக்கும் வரிசை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. புதிய பைனரியை இறக்கி, அது சிதையாமல் உரியவர்களிடமிருந்தே வந்ததா என்று செக்சம்மையும் ஜிபிஜி கையொப்பத்தையும் வைத்துச் சரிபார்க்கும் வரை ஓடுகிற சர்வீஸில் கை வைப்பதில்லை. பிறகு க்யூவில் தேங்கிய பின்னணி வேலைகளை முடித்து, சர்வீஸை நிறுத்தி, பேக்கப் எடுத்து, அதன் பிறகே பைனரியை மாற்றுகிறது. பழைய பைனரியையும் பக்கத்திலேயே நகலாக வைக்கிறது.

ஆனால் அந்த நகலை நம்பி இறங்கக் கூடாது. புதிய கிட்டீ முதல்முறை எழும்போதே டேட்டாபேஸின் அமைப்பை மாற்றிவிடும். அதன்மேல் பழைய பைனரி ஏறாது, டேட்டாபேஸ் தன்னைவிடப் புதியது என்று சொல்லி நின்றுவிடும். திரும்பி வர பேக்கப் ஒன்றுதான் வழி. ஸ்கிரிப்ட் பேக்கப்புக்கு ஓட்டும் கிட்டீயின் டம்ப் கட்டளை ரெப்போக்கள், டேட்டாபேஸ், கான்ஃபிக் கோப்பு எல்லாவற்றையும் ஒரு ஜிப்பில் கட்டித் தரும். அதைப் பிரித்து ரீஸ்டோர் செய்யத்தான் கட்டளை இல்லை. ஒவ்வொன்றையும் கையால் அதனதன் இடத்தில் வைக்க வேண்டும். அதனால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை அதற்கே உரிய டம்ப் கருவியாலும் தனியாக எடுத்துக்கொண்டேன்.

டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்றும் முன்பே பார்த்துவிட வேண்டும். டம்ப் பாதியில் தோற்றால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். சர்வீஸும் நின்ற நிலையிலேயே இருக்கும். பைனரி இன்னும் மாறவில்லை என்பதால் பதற வேண்டாம், பழையதையே எழுப்பிக்கொள்ளலாம்.

நான் ஓட்டியபோது டம்ப்புக்குத்தான் நேரம் பிடித்தது, மற்றதெல்லாம் மளமளவென்று முடிந்தது. இன்னொரு டெர்மினலில் சிஸ்டம்டியின் பதிவேடான ஜர்னலைத் திறந்து வைத்திருந்தேன். டேட்டாபேஸ் மாற்றங்களைக் காட்டும் மைக்ரேஷன் வரிகள் எண்ணோடு ஒவ்வொன்றாக ஓடி நின்றதும் எஸ்எஸ்எச் வழியாக ஒரு புஷ், எச்டிடிபிஎஸ் வழியாக ஒரு குளோன் செய்து பார்த்தேன். இரண்டும் சரியாக வந்தன.

குறித்த நேரத்தில் தானாக ஓடும்படி கிரானில் போட்டுவிடலாமே என்று குழுவில் கேட்டார்கள். பதிப்பு எண் எதுவும் கொடுக்காவிட்டால் இந்த ஸ்கிரிப்ட் இருப்பதிலேயே புதியதைக் கொண்டுவரும். 1.21-லிருந்து 1.22 போன்ற தாவலுக்கு முன் வெளியீட்டுக் குறிப்பில் பழையதோடு ஒத்துப்போகாத மாற்றங்களைச் சொல்லும் 'பிரேக்கிங்' பகுதியை ஒரு ஆள் உட்கார்ந்து படித்தாக வேண்டும். அதனால் எண்ணை நானே கொடுத்து, பக்கத்தில் இருந்துதான் ஓட்டுகிறேன்.