மிளகும் ஒன்பது மணி நேரமும்

காலை எட்டே முக்காலுக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால் மாலை ஆறுக்குத்தான் திரும்ப முடியும் என்ற நிலையில் நாய் வளர்க்கலாமா என்று அலுவலகத்தில் என்னிடம் விசாரிப்பவர்கள், கையோடு, கூண்டில் அதை எத்தனை மணி நேரம் விட்டுவைக்கலாம் என்றும் கேட்டுவிடுகிறார்கள். வளர்ந்த, நோயற்ற நாயானால் பகலில் ஒரே மூச்சாக நான்கு மணி நேரம், என்றைக்கோ ஒருநாள் தவிர்க்க முடியாமல் போனால் ஐந்து அல்லது ஆறு, ஒன்பது மணி நேரம் ஒருநாளும் கூடாது என்பதுதான் இன்று நான் சொல்லும் விடை. இந்த விடைக்கு வந்து சேர எனக்கு ஓர் ஆண்டு ஆயிற்று. அந்த ஓர் ஆண்டில் எங்கள் நாய் மிளகு பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

மிளகு நாட்டு நாய். பள்ளிக்கரணையில் எங்கள் தெருவில் நிறுத்தியிருந்த கார் ஒன்றின் அடியில், கத்திரி வெயிலுக்கு ஒதுங்கிக் கிடந்த இரண்டரை மாதக் குட்டியாக அவளைக் கண்டெடுத்தோம். எங்களுடையது மூன்றாவது மாடியில் இரண்டு படுக்கையறை கொண்ட வீடு. எனக்குப் பெருங்குடியிலும் கணவருக்குச் சிறுசேரியிலும் வேலை. அப்போது இருவரும் வாரத்தில் மூன்று நாட்கள் வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்ததால், சமாளித்துவிடலாம் என்று தோன்றியது. நாய்ப் பயிற்சியாளர்களின் காணொளிகளைப் பார்த்துவிட்டு, 36 அங்குல நீளத்தில், அடியில் பிளாஸ்டிக் தட்டு வைத்த, மடக்கக்கூடிய கம்பிக் கூண்டு ஒன்றை வாங்கினோம். தொலைபேசியில் இதைக் கேட்ட அம்மாவுக்கு நம்ப முடியவில்லை. அவர் சாத்தூர்ப் பக்கம். சிப்பிப்பாறை நாய்களைப் பகலில் வேப்பமரத்தடியில் கட்டிப்போட்டு இரவில் அவிழ்த்துவிடுவதைப் பார்த்து வளர்ந்தவர். “நாயக் கட்டிப்போடுவாங்க, கேள்விப்பட்டிருக்கேன். கோழியாட்டம் கூண்டுல கவுத்துவைப்பாங்களா?” என்றார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

கூண்டு என்றாலே கொடுமை என்று நான் இன்றும் நினைக்கவில்லை. தான் படுக்கும் இடத்தை அசிங்கப்படுத்த நாய் விரும்புவதில்லை. இந்த இயல்பைத்தான் கூண்டுப் பயிற்சி பயன்படுத்திக்கொள்கிறது. தலை குனியாமல் நிற்கவும், சுற்றித் திரும்பவும், ஒருக்களித்துக் காலை நீட்டிப் படுக்கவும் போதுமான இடம் இருந்தால் அளவு சரி. குட்டிக்கு அதைவிடப் பெரிய கூண்டு கொடுத்தால் ஒரு மூலையைப் படுக்கையாகவும் மறு மூலையைக் கழிப்பறையாகவும் ஆக்கிக்கொள்ளும் என்பதால், நடுவில் தடுப்பு வைத்து, வளர வளரப் பின்னுக்குத் தள்ளுவார்கள். உள்ளே விடும்போது கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட வேண்டும். கம்பியில் கொக்கி மாட்டிக்கொண்டால் நாய் இழுக்க இழுக்கக் கழுத்து இறுகும்.

நேரத்துக்கு என்று ஒரு வாய்பாடு இருக்கிறது. குட்டியின் வயதை மாதத்தில் எடுத்துக்கொண்டு ஒன்றைக் கூட்டினால், அது எத்தனை மணி நேரம் சிறுநீரை அடக்கும் என்பது தெரியும் என்கிறார்கள். மூன்று மாதக் குட்டிக்கு நான்கு மணி நேரம். ஆனால் இது உச்சவரம்பு. அதுவும் தூங்கும் குட்டிக்குச் சொன்னது. விழித்திருக்கும் குட்டிக்குச் சாப்பிட்ட கால் மணி நேரத்தில் ஒருமுறை, விளையாடி முடித்ததும் ஒருமுறை, தூங்கி எழுந்ததும் ஒருமுறை போக வேண்டும். மிளகை மூன்று மாதத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நாங்கள் உள்ளே விட்டதில்லை. பதினாறு வாரத் தடுப்பூசி முடியும்வரை, குட்டிகளின் உயிரைப் பறிக்கும் பார்வோ வைரஸுக்குப் பயந்து தெருவில் இறக்காததால் பால்கனியில் செய்தித்தாள் விரித்து வைத்திருந்தோம். கூண்டைத் திறந்ததும் அங்கே ஓடுவதற்குப் பத்தே நாளில் பழகிவிட்டாள். அந்தக் காலத்தில் நாங்கள் செய்தது எல்லாம் சரிதான்.

வாய்பாட்டை அதன் எல்லைக்கு அப்பாலும் நீட்டியதுதான் தவறு. மழைக்காலம் தொடங்கிய சமயத்தில் இருவர் அலுவலகத்திலும் வாரத்துக்கு நான்கு நாட்கள் நேரில் வரச் சொன்னார்கள். மிளகுக்கு எட்டு மாதம் ஆகியிருந்தது. எட்டும் ஒன்றும் ஒன்பது. நாங்கள் வெளியே இருக்கும் நேரமும் ஏறக்குறைய ஒன்பது மணி. கணக்கு இத்தனை கச்சிதமாகப் பொருந்தியதில் எனக்கு ஏற்பட்ட நிம்மதியை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. மூன்று வாரங்கள் ஒரு குறையும் தெரியவில்லை; தட்டு காய்ந்தே இருந்தது. அவளும் பழகிவிட்டாள் என்று நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நவம்பரில் ஒருநாள் பிற்பகலில் பிடித்த மழை விடாமல் பெய்து, பழைய மகாபலிபுரம் சாலையில் வண்டிகள் நகராமல் நின்றுவிட, நான் வீடு வந்து சேர்ந்தபோது மணி எட்டேகால். விளக்கைப் போட்டதும் முதலில் கண்ணில் பட்டது, கூண்டின் ஒரு மூலையில் குவிந்து கிடந்த சாக்கு விரிப்பு. தட்டு முழுவதும் ஈரம். மிளகு முன்னங்கால்கள் இரண்டையும் அந்தக் குவியலின் மேல் ஏற்றிவைத்து, பின்னங்கால்கள் ஈரத்தில் நிற்க, உட்காராமலும் படுக்காமலும் நின்றுகொண்டிருந்தாள். கதவுக்குப் பக்கத்தில், அவள் வாய் எட்டும் உயரத்தில், கம்பி ஒன்று வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. அதில் பழுப்பாக ரத்தக் கறை. மூக்குத் தண்டின் மேல் ஒரு ரூபாய் அளவுக்கு முடி தேய்ந்து தோல் சிவந்திருந்தது. கதவைத் திறந்தேன். அவள் வரவில்லை. முதலில் பின்னங்காலை ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கி நக்கினாள். பிறகுதான் தாழ்ந்த தலையோடு வெளியே வந்து, பால்கனியை நோக்கிப் போனாள்.

மறுநாள் தட்டைக் கழுவிக்கொண்டிருந்த, எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: “ஏம்மா, அது வாயில்லாத ஜீவன். நீ ஆபீஸ்ல ரெண்டு தபா எழுந்து போமாட்ட? அது எங்க போவும்?” எனக்குப் பதில் இல்லை.

மேல் கோரைப்பல்லின் நுனி உடைந்திருந்தது. பல்லுக்கு உள்ளிருக்கும் கூழ், அதாவது நரம்பு உள்ள மென்மையான பகுதி, வெளிப்படாததால் அப்படியே விட்டுவிடலாம் என்றார் கால்நடை மருத்துவர். சிறுநீரில் கிருமித் தொற்றும் இருந்தது; நாள்தோறும் நெடுநேரம் அடக்கி வைத்ததும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று மருந்து எழுதினார். எழுதி முடித்துவிட்டு, “காலையில் நீங்கள் போனதிலிருந்து மாலைவரை அது என்ன செய்கிறது என்று ஒருநாளாவது பார்த்திருக்கிறீர்களா?” என்று கேட்டார். தட்டு காய்ந்திருக்கிறதா என்பதை மட்டுமே நாங்கள் பார்த்துவந்தோம்.

பழைய கைப்பேசி ஒன்றைப் புத்தக அலமாரியில் சாய்த்து வைத்து, கூண்டில் அவளை விட்டு, இரண்டு நாட்கள் பக்கத்துக் காப்பிக் கடையில் உட்கார்ந்து பார்த்தேன். அலறினால் ஐந்து நிமிடத்தில் ஓடி வந்துவிடலாம் என்ற ஏற்பாடு. முதல் இருபத்தைந்து நிமிடம், வெயிலே இல்லாத நாளில், நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தாள், அடிக்கடி கொட்டாவி விட்டாள், உதட்டை நக்கிக்கொண்டாள். நான் கொட்டாவியைத் தூக்கம் என்று நினைத்திருக்கிறேன். நாய்க்கு அது பதற்றத்தின் அடையாளமாகவும் இருக்கும். பிறகு பதினொன்றரைவரை நல்ல தூக்கம். ஒரு மணிக்கு எதிர் வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் வந்து இறங்கிய சத்தத்தில் துள்ளி எழுந்து குரைத்தாள். கதவடிக்குப் போய் மோப்பம் பிடித்திருந்தால் அடங்கியிருப்பாள்; போக முடியாததால் குரைப்பு பத்து நிமிடம் நீண்டது. அதன்பின் தூக்கம் என்பதே இல்லை. முன்னங்காலை நக்குவது, எழுந்து சுற்றுவது, தாழ்ப்பாளில் மூக்கை வைத்து அழுத்துவது, மறுபடி நக்குவது. மூன்று மணிக்கு நான் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டேன்.

வளர்ந்த நாய் நாளில் பாதி நேரம் தூங்கும் என்பது உண்மையே. ஆனால் அது ஒரே இடத்தில் தூங்குவதில்லை என்பதை, விடுமுறை நாளில் மிளகின் பின்னால் சுற்றியபோதுதான் கவனித்தேன். காலையில் சோபாவுக்கு அடியில், பத்து மணிக்கு பால்கனிக் கதவோரம், வெயில் ஏறியதும் குளியலறை வாசலின் குளிர்ந்த டைல்ஸில் வயிற்றை ஒட்டி, பிற்பகலில் வாசற்கதவைப் பார்த்தபடி. தூக்கத்தை விட, இடம் மாறுவதைத்தான் கூண்டு அவளிடமிருந்து பறித்திருந்தது.

இந்த இடம் மாறும் உரிமை சென்னையில் உயிர் சம்பந்தப்பட்டதும்கூட. நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கிறது. நாய்க்கு வியர்வைச் சுரப்பி பாதத்தில் மட்டுமே பேருக்கு இருப்பதால், மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். அதன் இயல்பான உடல் வெப்பமே 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ்; 41ஐத் தாண்டினால் அவசர சிகிச்சை வேண்டும். மே மாதத்தில் 40 டிகிரி அடிக்கும் பிற்பகலில், மேற்குப் பார்த்த கூடத்தில், மின்சாரம் போய் மின்விசிறி நின்றுவிட்டால், கூண்டுக்கு வெளியே இருக்கும் நாய் குளியலறைக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும். பூட்டிய கூண்டில் இருப்பது எங்கே போகும்? பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஏப்ரல் முதல் ஜூன் வரை ஆளில்லாத வீட்டில் எந்த நாயையும் பூட்டிய கூண்டில் விடவே கூடாது என்பது என் கட்சி. இதில் மணிக்கணக்கு பேசுவதற்கே இடமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தேடிப் பார்த்தேன். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் 11ஆம் பிரிவு, அசைந்து திரும்பப் போதிய உயரமும் நீளமும் அகலமும் இல்லாத கூண்டில் விலங்கை அடைப்பதைக் குற்றம் என்கிறது. வழக்கமாகக் கட்டியோ நெருக்கமான அடைப்பிலோ வைக்கப்படும் நாய்க்கு உரிய நடமாட்டம் தராத உரிமையாளரையும் அதே பிரிவு தனியே குறிப்பிடுகிறது. எத்தனை மணி நேரம் என்று அதில் எண் இல்லை. முதல் முறை குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய் என்பதைப் படித்தபோது, நான் அன்று காப்பிக் கடையில் கொடுத்தது அதைவிட அதிகம் என்று தோன்றியது. மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் 1950களில் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து, அரசே கொண்டுவரும் என்ற உறுதியின் பேரில் திரும்பப் பெற்றதுதான் பிறகு இந்தச் சட்டமாயிற்று. அபராதத் தொகை அந்தக் காலத்திலேயே நின்றுவிட்டது. எண் சொல்லும் நாடு ஸ்வீடன். பகலில் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது நாயை வெளியே விட வேண்டும் என்பது அங்கே வழிகாட்டுதல். பயணம், போட்டி போன்ற சில தேவைகள் தவிர, வீட்டில் கூண்டில் பூட்டி வைக்கவே அனுமதி இல்லை.

எங்கள் வீட்டில் முதலில் கூண்டின் கதவைக் கழற்றி மெத்தைக்கு அடியில் போட்டோம். மிளகுக்குக் கூண்டின் மேல் கோபம் இல்லை போலும். இரவில் இன்றும் அதற்குள்தான் படுக்கிறாள். சமையலறை வாசலில் மட்டும் குழந்தைகளுக்கு வைக்கும் தடுப்புக் கதவு; மற்ற இடமெல்லாம் அவளுடையது. காலையில் முக்கால் மணி நேர நடை, நாங்கள் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே உணவு, பிறகு கீழே ஒருமுறை. கணவர் பத்து மணிக்குக் கிளம்புமாறு நேரத்தை மாற்றிக்கொண்டார். நான் ஐந்துக்கு வந்துவிடுகிறேன். எல்லாவற்றையும் விடப் பெரிய மாற்றம், காலை ஏழு மணிக்கு வந்துகொண்டிருந்த அக்கா, எங்கள் வேண்டுகோளுக்காகப் பன்னிரண்டரைக்கு வரத் தொடங்கியது. மாதம் 1500 ரூபாய் கூட்டிக் கொடுக்கிறோம். அவர் மிளகைக் கருப்பி என்றுதான் கூப்பிடுவார். இருபது நிமிடம் கீழே கூட்டிப்போய் வந்து, பிறகுதான் பாத்திரத்தில் கை வைப்பார். அவள் தனியாக இருப்பது இப்போது இரண்டரை மணி நேரமும் மூன்றரை மணி நேரமுமாக உடைந்துவிட்டது.

தனிமையில் பீதி அடையும் நாய்க்கு இவையும் போதாது. பல்லும் நகமும் உடையும் அளவுக்குக் கூண்டைத் தாக்குகிற, எச்சில் வழிய நிற்கிற நாயை, பழகிவிடும் என்று மறுபடி உள்ளே தள்ளுவது நோயைக் கூட்டும். இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம் என்று வெளியே போய்வந்து, மருத்துவரின் துணையோடு பழக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறோ நீரிழிவோ உள்ள வயதான நாய்க்கு நான்கு மணி நேரம்கூட அதிகம். என் குழுவில் ஒரு தம்பி, இரண்டு மாத லாப்ரடார் குட்டியை முன்பதிவு செய்துவிட்டு, ஒன்பது மணி நேரத்துக்கு எந்த அளவுக் கூண்டு வாங்கலாம் என்று கேட்டபோது, மூன்று வாரம் விடுப்பும் அதற்குப் பிறகு பகலில் இரண்டு முறை வந்து போக ஓர் ஆளும் இல்லையென்றால் இப்போது வாங்காதே என்று சொன்னேன். முகம் வாடிவிட்டது. ஆனால் முன்பதிவைத் தள்ளிப்போட்டுவிட்டதாகப் பின்னர் சொன்னான்.

அடுத்த வாரம் அக்கா ஆடித் திருவிழாவுக்காகச் செய்யாறு பக்கம் தன் ஊருக்குப் போகிறார். பத்து நாட்கள் வர மாட்டார். நாங்கள் இருவரும் விடுப்பையும் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களையும் பங்கு போட்டு எழுதிப் பார்த்ததில் முதல் புதன்கிழமை மட்டும் இடிக்கிறது. இரண்டாவது மாடியில் கல்லூரிக்குப் போகும் பையனுக்கு அன்று பகலில் வகுப்பு இல்லையாம்; மிளகோடு அவனை இன்று மாலை ஒருமுறை நடக்க விட்டுப் பார்க்க வேண்டும்.