விழுங்கன் பெருஞ்செவுளன் ஆன கதை

கணினி விளையாட்டு ஒன்றுக்காகக் கற்பனை உயிரினங்களை உருவாக்கும் குழுவில் நான் பணியாற்றியபோது, 20 மீட்டர் நீளமுள்ள மீன் ஒன்றின் இயற்கை வரலாற்றை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. திமி என்னும் பெருமீனை விழுங்குவது திமிங்கிலம், அதையும் விழுங்குவது திமிங்கிலகிலம் என்று படித்து வளர்ந்தவன் நான். ஆகவே கோரைப்பற்களும் படகைப் பிளக்கும் தாடையும் கொடுத்து, 'விழுங்கன்' என்று பெயரும் சூட்டிவிட்டேன்.

வரைவைப் படித்த உயிரியல் ஆலோசகர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "சரி, இது தினமும் என்ன சாப்பிடும்?"

விடை தேட எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. உணவுச் சங்கிலியில் ஒவ்வொரு படிக்கும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஆற்றலே மேலேறுவதால், உச்சியில் நிற்கும் வேட்டை மீனுக்கு எஞ்சுவது மிகக் குறைவு. சுமார் 18 மீட்டர் வரை வளரும் திமிங்கிலச் சுறாவும், அதற்கடுத்த பெரிய மீனான பாஸ்கிங் சுறாவும், ஜுராசிக் காலக் கடலின் லீட்சிக்திஸ் என்னும் மீனும் அந்தச் சங்கிலியின் அடிப்படிக்கு இறங்கி, மிதவை உயிரிகளை வடிகட்டித் தின்றே அவ்வளவு பெரிதாயின. விழுங்கனும் இறங்க வேண்டியதாயிற்று.

அடுத்த சிக்கல் மூச்சு. உருவம் மாறாமல் நீளம் இரட்டித்தால் எடை எட்டு மடங்காகிறது, செவுளின் பரப்போ நான்கு மடங்குதான். எனவே மடிப்பு மடிப்பான செவுள்களை அதற்குக் கொடுத்தேன். அவையே தலையின் பாதியை அடைத்துக்கொண்டதால் பெயரும் 'பெருஞ்செவுளன்' என்று மாறியது. மிதப்பதற்குச் சுறாக்களைப் போல எண்ணெய் நிறைந்த கல்லீரலை வைத்தேன்.

இனப்பெருக்கப் பகுதியில் மட்டும், பானை அளவு முட்டைகள் என்று ஆசையாக எழுதியிருந்ததை நானே அடித்தேன். திமிங்கிலச் சுறா முட்டையிடுமா, குட்டி போடுமா என்பதே, 1995இல் தைவானில் பிடிபட்ட ஒரு பெண் சுறாவின் வயிற்றில் சுமார் 300 கருக்கள் காணப்பட்ட பிறகுதான் தெளிவாயிற்று. என் மீனும் குட்டி போட்டது.

கோரைப்பற்கள் போனதில் ஓவியருக்குத்தான் பெரும் வருத்தம். திமிங்கிலச் சுறாவின் வாயில், உணவுக்கு அதிகம் பயன்படாத நுண்பற்கள் ஆயிரக்கணக்கில் உண்டு என்று அவரிடம் சொன்னேன். மறுநாள் காலையிலேயே, அரிசிமணியினும் சிறிய பற்களை வரிசை வரிசையாக வரைந்து கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.