மோஸ்கோர் கூரையில் மூன்று சுற்று

டென்மார்க்கின் ஓகூஸ் நகருக்குத் தெற்கே, காட்டை ஒட்டினாற்போல் மோஸ்கோர் அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் கூரை முழுக்கப் புல். நிலத்திலிருந்தே தொடங்கிச் சரிவாக மேலே போகும். யாரும் ஏறலாம். பனி கொட்டினால் பிள்ளைகள் அதில் சறுக்கி விளையாடுவார்கள். 2019 மார்ச் 30 அன்று உலக கிராஸ் கன்ட்ரி சாம்பியன்ஷிப் ஓட்டங்களை, அதாவது புல், சேறு, மேடு பள்ளம் வழியாக ஓடும் போட்டிகளை, அந்தக் கூரைக்கு மேலாகவே நடத்தினார்கள். அதே நாளில், அதே பாதையில் பொதுமக்களும் ஓடலாம் என்று அறிவித்திருந்தார்கள். அந்த அறிவிப்பை என் மகள்தான் கொண்டுவந்து காட்டினாள்.

அவளுக்கு அப்போது பதினைந்து வயது. ஓட்டக் கழகம் ஒன்றில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள். "இருபது வயதுக்கு உட்பட்ட பெண்களின் ஓட்டத்தைக் கிட்ட நின்று பார்க்கலாம் அம்மா. அப்புறம் நீங்களும் ஓடுங்கோ" என்றாள். நான் கடைசியாக ஓடியது பதினேழு வயதில், ஊரில், பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டியில். 1500 மீற்றர், வெறுங்காலோடு. அதன் பிறகு இருபத்தைந்து வருடங்கள் போய்விட்டன. ஒரு கிழமை யோசித்துவிட்டுப் பதிவு செய்தேன்.

ஜனவரியில் பயிற்சியைத் தொடங்கினோம். முதல் நாளே கூரையில் ஏறிப் பார்த்தேன். சரிவு சுமார் 10 சதவீதம் என்று சொல்லியிருந்தார்கள். எண்ணாகக் கேட்கும்போது பெரிதாகத் தெரியவில்லை. பாதிக்கு மேலே கெண்டைக்கால் இரண்டும் கல்லாக இறுகிவிட்டன. நின்றுவிட்டேன். மகள் மேலே போய், திரும்பி வந்து, "எட்டு வைக்கிறதைச் சின்னதாக்குங்கோ, கையை நல்லா வீசுங்கோ" என்றாள். அடுத்த கிழமை அதைச் செய்து பார்த்தேன். உச்சி வரை போக முடிந்தது. ஆனால் போன உடனே இடுப்பில் கையை வைத்து நின்றேன். இந்த இடத்தை மறக்க வேண்டாம், பிறகு சொல்கிறேன்.

சப்பாத்து விஷயத்தில் நான் விட்ட பிழையையும் சொல்லத்தான் வேண்டும். தார் ரோட்டில் ஓடுகிற மெத்தென்ற சப்பாத்தைத்தான் வாங்கியிருந்தேன். ஈரப் புல்லில் இறங்கும்போது அது வழுக்கியது. ஒரு நாள் மழைக்குப் பிறகு வயல் ஓரத்தில் ஓடியபோது இடது கால் சேற்றில் புதைந்தது. காலை இழுத்தேன், கால் மட்டும் வந்தது, சப்பாத்து உள்ளேயே நின்றுவிட்டது. மண்ணைப் பிடிக்கிற அடிப்பகுதி உள்ள சப்பாத்து வாங்கி, கயிற்றைக் கடைசி ஓட்டை வரை இழுத்து இரட்டை முடிச்சுப் போடப் பழகியது அதற்குப் பிறகுதான். கிராஸ் கன்ட்ரி ஓடப் போகிறவர்கள் முதலில் இதைச் செய்யுங்கள். வேகம் எல்லாம் பிறகு.

மாலை நேரங்களில் நானும் மகளும் பழைய போட்டிகளைப் பற்றித் தேடித் தேடிப் படித்தோம். இருபது வயதுக்கு உட்பட்ட இளையோர் பெண்களுக்கு கிராஸ் கன்ட்ரியில் உலக அளவில் தனி ஓட்டம் 1989இல்தான், நோர்வேயின் ஸ்டாவாங்கர் நகரில், தொடங்கியது. 1991இல் கென்யாவின் லிடியா செரோமெய் வென்றபோது வயது பதின்மூன்று. 1992இல் பொஸ்டனில் பனிக்குள் ஓடி வென்றவர் பிரிட்டனின் பவுலா ராட்கிளிஃப். சீனாவின் வாங் ஜுன்சியா அன்று இரண்டாவது. இவை எல்லாவற்றையும் விட என்னைத் தொட்டது கென்யாவின் பெய்த் கிப்யேகான் பற்றிய செய்தி. 2011இல் ஸ்பெயினில் அவர் வெறுங்காலோடு ஓடி இந்தப் பட்டத்தை வென்றார். அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, போட்டி நாளுக்கு வருகிறேன். கூரையின் உச்சிக்குப் பக்கத்தில் கயிற்றோரம் இடம் பிடித்தோம். காலுக்குக் கீழே, அருங்காட்சியகத்துக்குள், இரண்டாயிரம் வருடங்களுக்கும் மேலாகச் சதுப்பு நிலத்தில் பதப்பட்டுக் கிடந்த கிரவுபல்லே மனிதரின் உடல் இருக்கிறது. அதற்கு மேலே பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் ஓடப் போகிறார்கள் என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது.

இருபது வயதுக்கு உட்பட்ட பெண்களின் ஓட்டம் சுமார் 6 கிலோமீற்றர். ஒரு சுற்று சுமார் 2 கிலோமீற்றர் என்பதால் மூன்று தடவை கூரை ஏற வேண்டும். கூரை தவிர சேறு, மணல், தண்ணீர் என்று வழி நெடுகத் தடைகள். ஒரு நாட்டுக்கு ஆறு பேர் ஓடலாம், முதலில் வரும் நால்வரின் இடங்களைக் கூட்டுவார்கள், குறைந்த கூட்டுத்தொகை எடுத்த நாடு வெல்லும். அதனால் முப்பதாவதாக வருகிற பிள்ளைக்கும் ஒவ்வொரு இடமும் பெறுமதியானது. பின்னால் வந்தவர்களின் முகத்திலும் அது தெரிந்தது.

முதல் சுற்றில் கூட்டமாக ஏறி வந்தார்கள். கண்ணுக்குத் தெரிய முன்னமே சத்தம் வந்தது. ஓட்டச் சப்பாத்தின் அடியிலுள்ள ஸ்பைக்ஸ் ஆணிகள் புல்லைக் குத்திப் பிடுங்குகிற சத்தம், அதோடு மூச்சு. ஒரு கை நீட்டினால் தொடுகிற தூரம். ஒருத்தியின் முழங்காலுக்குக் கீழே சேறு அப்பியிருந்தது, இன்னொருத்தியின் முழங்கை பக்கத்தில் வந்தவளின் விலாவில் இடித்தது. இருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டாவது சுற்றில்தான் கவனித்தேன். ஏற்றத்தில் முன்னால் வந்தவர்களுக்கும் நடுவில் வந்தவர்களுக்கும் வேகத்தில் நான் நினைத்த அளவு வித்தியாசம் இல்லை. வித்தியாசம் உச்சியில். நடுவில் வந்தவர்கள் மேலே வந்ததும் தோளைத் தளர்த்தி, இரண்டு மூன்று எட்டு மெதுவாக வைத்து, மூச்சை எடுத்துக்கொண்டார்கள். முன்னால் வந்தவர்கள் உச்சி என்று ஒன்று இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. அதே கை வீச்சோடு கடந்து போய், இறக்கம் தொடங்குகிற இடத்தில்தான் எட்டை நீட்டினார்கள். அந்த ஏழெட்டு மீற்றருக்குள் இடைவெளி விழுந்துவிட்டது. பயிற்சியில் நான் இடுப்பில் கை வைத்து நின்ற அதே இடம்.

முடிவை மகளின் கைபேசியில் பார்த்தோம். கென்யாவின் பீட்ரிஸ் செபெட், எத்தியோப்பியாவின் அலெமிடு தாரிகு, சிகியே கெப்ரெசெலமா மூவரும் ஒன்றாகவே முடிவுக் கோட்டுக்கு வந்தார்கள். எங்களைச் சுற்றி நின்றவர்கள் எத்தியோப்பியா வென்றுவிட்டது என்றே நினைத்தார்கள். மகள் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள், நகம் பதிந்துவிட்டது. மூவருக்கும் நேரம் 20 நிமிடம் 50 விநாடி. யாருடைய உடல் முதலில் கோட்டைத் தொட்டது என்று பார்த்து முதலிடத்தைச் செபெட்டுக்குக் கொடுத்தார்கள். முந்திய வருடம் பின்லாந்தின் தம்பரேயில் 5000 மீற்றரில் இளையோர் உலகப் பட்டம் வென்றவர் அவர். அந்தப் பிள்ளைகள் மூவரும் அன்று செலவழித்ததில் ஒரு துளி வித்தியாசம் இல்லை என்பதுதான் என் எண்ணம். வெள்ளியும் வெண்கலமும் வாங்கியவர்களுக்காக எனக்கு நெஞ்சு கனத்தது.

பிறகு எங்கள் முறை வந்தது. இலக்கத்தை நெஞ்சில் குத்திக்கொண்டு நிற்கும்போது கை நடுங்கியது. முதல் ஏற்றம் பயிற்சியில் செய்தது மாதிரியே போனது. உச்சியில் பழக்கதோஷத்தில் தளர்ந்துவிட்டேன், இரண்டு பேர் என்னைக் கடந்தார்கள். சேற்றில் கால் புதைந்தது, சப்பாத்து கூடவே வந்தது. கடைசிச் சுற்றில் கூரையைப் பார்த்தபோது மகள் காலையில் நின்ற அதே இடத்தில் நின்றாள். "அம்மா, நிக்காதேங்கோ! மேல வந்தும் ஓடுங்கோ!" நெஞ்சு வெடித்துவிடும் போல் இருந்தது. கையை மட்டும் வீசிக்கொண்டே இருந்தேன். உச்சி காலுக்குக் கீழே வந்து போய்விட்டது. இறங்கும்போதுதான் கண்ணீர் வந்தது தெரிந்தது.

2023 பெப்ரவரியில், அவுஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் நகரில் நடந்த அடுத்த உலக கிராஸ் கன்ட்ரி போட்டியை வீட்டில் காலையில் இருந்து பார்த்தோம். பெரியவர்களுக்கான பெண்கள் ஓட்டத்தில் எத்தியோப்பியாவின் லெட்டெசென்பெட் கிடே முன்னால் போய், கோட்டைக் கண்ணால் காணும் தூரத்தில் விழுந்துவிட்டார். அவரைக் கடந்து செபெட் வென்றார். இரண்டாவதாகக் கெப்ரெசெலமா. மகள் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து நின்று, "எங்கட கூரைப் பிள்ளைகள் அம்மா!" என்று கத்தினாள்.