மறுநாளே நடக்கலாம், குடம் தூக்க முடியாது

முதுகெலும்பு ஆபரேஷன் முடிந்தவர்களை மறுநாள் எழுப்பி நடக்க வைப்பது என் வேலை. சென்னையில் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். முன்பெல்லாம் பயந்து படுத்திருப்பவர்களை எழுப்புவதே பெரும்பாடு. சின்னத் துளை வழியாக எலும்பை இணைக்கும் முறை வந்தபின், எழுந்தவர்களை அடக்கி வைப்பதுதான் பெரும்பாடு.

பழைய முறையில் நடுமுதுகில் நீளமாகக் கீறி, தசையை எலும்பிலிருந்து உரித்து ஒதுக்குவார்கள். புது முறையில் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் ஓரங்குலக் கீறல்கள்தான். தசை இழைகளை விலக்கி, ஒன்றைவிட ஒன்று பெரிதாகக் குழாய்களை இறக்கி, கடைசியில் சுமார் 22 மில்லிமீட்டர் குழாய்க்குள் வேலை நடக்கும். இரண்டு எலும்புக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் கெட்டுப்போயிருந்தால் அதை எடுத்துவிட்டு, அங்கே கேஜ் என்ற சின்னக் கூடும், எலும்புகள் ஒன்றாக ஒட்டி வளர எலும்புத் துகளும் வைப்பார்கள். மேல் கீழ் எலும்புகளில் ஸ்க்ரூ, அவற்றை இணைக்க ராடு. எல்லாம் சி-ஆர்ம் என்ற, சி வடிவ எக்ஸ்ரே கருவியின் படத்தைப் பார்த்துப் பார்த்து. அந்தக் கதிருக்காக ஈயக் கவசம் சுமந்து நிற்கும் தியேட்டர் ஆட்களும் முதுகைப் பிடித்துக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள், அது வேறு கதை.

ரத்தம் குறைவாகப் போகிறது, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். உண்மைதான். ஆனால் ஓரிரு வருடம் கழித்துப் பார்த்தால், வலி குறைவதில் இரண்டு முறைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எலும்பு ஒட்டுவதற்கும் அதே ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம். தோலில் கீறல் சின்னது என்று எலும்புக்குத் தெரியுமா என்ன? 'மறுநாளே நடக்கலாம்' என்று விளம்பரம் செய்கிறவர்கள் இதைப் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

எல்4-எல்5, அதாவது கீழ்முதுகின் நான்காவது ஐந்தாவது எலும்புகளை, இணைத்துக்கொண்ட ஒரு கட்டட மேஸ்திரி, "வலியே இல்ல சார், அடுத்த வாரம் சைட்டுக்குப் போகட்டுமா?" என்றார். "கான்கிரீட் போட்ட மறுநாளே சென்ட்ரிங் பலகையைப் பிரிப்பீங்களா?" என்றேன். சிரித்துவிட்டார். அப்புறம் அவரே மடக்கினார்: "அப்போ இந்த ஸ்க்ரூவை எப்போ பிரிப்பீங்க?" பெரும்பாலும் பிரிப்பதில்லை, உள்ளேயே இருந்துவிடும். ஆனால் எலும்பு ஒட்டாவிட்டால் நாளாக நாளாக ஸ்க்ரூ தளரும், சிலசமயம் ராடு உடையும். பீடியை விடச் சொன்னதும் இதற்காகத்தான். புகை, எலும்பு ஒட்டுவதைக் கெடுக்கும். அதற்கு மட்டும் அவரிடம் சிரிப்பில்லை.

பெண்களிடம் பேச்சு வேறு மாதிரி. குனியாதீங்க, திரும்பாதீங்க, கனம் தூக்காதீங்க என்று சொன்னால், "அப்போ வீட்டை யார் பார்ப்பா?" என்பார்கள். நியாயமான கேள்வி. அதனால் இப்போது ஆபரேஷனுக்கு முன்பே, வீட்டு ஆட்களையும் உட்கார வைத்துக் கேட்டுவிடுகிறேன். எத்தனையாவது மாடி? லிஃப்ட் உண்டா? வெஸ்டர்ன் டாய்லெட்டா? லாரித் தண்ணீர் வந்தால் குடத்தை யார் தூக்குவது? கடைசிக் கேள்விக்கு மகன்கள் பெரும்பாலும் அம்மாவைத்தான் பார்க்கிறார்கள். "அவங்களைப் பார்க்காதே தம்பி, நீ சொல்லு" என்று காத்திருப்பேன். பதில் வந்த பிறகுதான் உடற்பயிற்சித் தாளைக் கையில் கொடுப்பது.